துணைக்குப் போனவள்

எனக்கு அந்த மனுசனிலை பொறாமை. மறைச்சு மெழுகிக் கதைக்கிற பழக்கம் எனக்கில்லை, அதாலை முதலே சொல்லிப்போடுறன். அவர் ரெயில் கோச்சியிலை யாழ்ப்பாணம் வந்து, பஸ் பிடிச்சு, பெட்டியும் பையுமாய் எங்கடை ஒழுங்கை முகப்பிலை இறங்கிறாரெண்டு ஆராவது வந்து சொன்னால் போதும், அந்த நேரத்திலையிருந்து எனக்குச் சோறு இறங்காது. வருசத்திலை ரெண்டு தரம் வருவார். ரெண்டு தரமும் நான் அரைவாசியாய்ப் போவன்.

அவர் வேறை ஆருமில்லை. என்ரை சிநேகிதியின்ரை புருசன்.

நானும் அவவும் வேலணையிலை பக்கத்துப் பக்கத்து வளவு. ஒண்டாய்ப் படிச்சனாங்கள். நான் தொடர்ந்து படிச்சு ரீச்சர் ஆனன், அவவுக்குக் கலியாணம் பேசிச்சினம். மாப்பிள்ளைக்குத் தெற்கிலை ஒரு பட்டினத்திலை பலசரக்குக் கடை. எங்கடை தீவுப்பகுதியிலை அப்ப பலபேருக்கு உதுதான் சீவியம்: ஆம்பிளையள் தெற்கிலை கடையைப் பாக்க வேணும், பொம்பிளையள் ஊரிலை வீட்டைப் பாக்க வேணும். கலியாணப் பதிவு எழுத்தும் முடிஞ்சு தாலியும் ஏறி, கொஞ்ச நாள் நிண்டிட்டு மாப்பிள்ளை கடைக்குப் போட்டார். அவவுக்குத் தாய் தேப்பன் இல்லை. அவ்வளவு பெரிய வீட்டிலை ஒரு இளம் பொம்பிளை தனியப் படுக்கிறதோ? ஆரைத் துணைக்கு விடுறதெண்டு இனசனம் கூடி யோசிச்சுது. அடுத்த வளவு ரீச்சர் இருக்கிறாதானே எண்டு தாங்களே முடிவு கட்டிச்சினம். நான் வாயே திறக்கேல்லை.

துணைக்குப் படுக்கிறது எண்டது எங்கடை பக்கத்திலை ஒரு முறை. கடைக்காரன் பெண்சாதி தனிய எண்டால், பொழுதுபட இன்னொரு பொம்பிளை பாயைச் சுருட்டிக் கக்கத்திலை வைச்சுக்கொண்டு அங்கை போவா, விடிய வருவா. ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம். போகாட்டில்தான் கேப்பினம், "என்ன ரீச்சர், இன்னும் போகேல்லையோ, அந்தப் பிள்ளை பாத்துக்கொண்டிருக்குமே" எண்டு. நான் அப்பிடி ஊரறியப் போனனான். ஆண்டுக்கணக்காய்ப் போனனான். அவ புட்டை அவிச்சு வைச்சிட்டு எனக்காகக் காவலிருப்பா. சாப்பிட்டிட்டு நான் பிள்ளையளின்ரை கொப்பி திருத்துவன், அவ பக்கத்திலையிருந்து ஓலைப் பெட்டி இழைப்பா, பள்ளிக்கூடத்துக் கதை ஒண்டு விடாமல் கேப்பா. என்ரை தலைமை வாத்தியாரின்ரை நடை எப்பிடியெண்டு நான் நடந்து காட்ட, சிரிச்சுச் சிரிச்சு ஓலையைத் தவற விடுவா.

எனக்கும் கலியாணம் பேசி வந்தவைதான். வந்த இடமெல்லாத்தையும் ஒவ்வொண்டாய்த் தட்டிக் கழிச்சன். "பாவம், சாதகத்திலை செவ்வாய் குற்றம், என்ன செய்யிறது" எண்டு ஊர் தன்ரை பாட்டிலை எனக்கொரு நியாயம் கண்டுபிடிச்சு வைச்சிருந்தது. நல்லதாய்ப் போச்செண்டு நானும் பேசாமல் இருந்திட்டன். அவவிலை எனக்கிருந்தது என்னெண்டு சொல்ல அப்ப என்னட்டை ஒரு சொல்லும் இருக்கேல்லை. அவவோடை இருக்க வேணும், அவ்வளவுதான் தெரியும்.

அப்பிடி இருக்கேக்கைதான் உவர் வந்திறங்குவார். ரெண்டு நாளைக்கு முன்னமே அவவுக்குக் கை கால் ஓடாது. வீடு கழுவுவா, கதிரையெல்லாம் துடைப்பா, எனக்கு வைக்கிற புட்டையும் சம்பலையும் மறந்து போவா. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு என்ரை வீட்டுக்கு வந்திட வேணும். அவர் நிக்கிற நாளெல்லாம் அவவின்ரை குசினியிலையிருந்து நண்டுக் கறி வாசம் வரும், முருங்கையிலை போட்டு வைச்ச நண்டு. கண்டறியாத நண்டு! எனக்கு ஒருநாள் வைச்சிருப்பாவோ? நான் கேட்டதில்லை, அது வேறை கதை. ஆனால் வயிறு பத்தி எரியும்.

அவர் ஒரு குடிகாரனாய், கை நீட்டுற ஆளாய் இருந்திருந்தாலும் எனக்கொரு ஆறுதல் இருந்திருக்கும். நாசமாய்ப் போன மனுசன், நல்ல மனுசன். மெல்லிய குரல், ஆரோடையும் வாய் காட்டாத பிறவி. அவவுக்குச் சீலை வாங்கினால் எனக்கும் அதே கரையிலை வேறை நிறத்திலை ஒரு சீலை வாங்கிக்கொண்டு வருவார். படலையடியிலை நிண்டு, உள்ளுக்கும் வராமல், அதைத் தந்திட்டுச் சொல்லுவார், "ரீச்சர், நீங்கள் துணைக்கிருக்கிறதாலைதான் நான் அங்கை நிம்மதியாய் நித்திரை கொள்ளுறன்."

"அதிலை என்ன அண்ணை" எண்டு பல்லைக் காட்டுவன். அவர் ஒழுங்கை திரும்பினாப் பிறகு சீலையை அலுமாரிக்குள்ளை எறிஞ்சு போட்டு, அலுமாரிக் கதவை அடிச்சுச் சாத்துவன்.

எழுபதுகளிலை, கோதுமை மாத் தட்டுப்பாட்டிலை சனம் பாணுக்கு வரிசையிலை நிண்ட காலத்திலை, ஒருதரம் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கெண்டு கடைக்காரர் எல்லாரும் ஊருக்கு வந்து நிண்டினம். அந்த நேரம் பாத்து எங்கடை வாசிகசாலை ஆண்டு விழா வைச்சுது. ஆண்டு விழாவெண்டால் விவாதம் ஒண்டு இருக்கும். கல்வியா செல்வமா, சீதனம் வேணுமா வேண்டாமா எண்டு கேட்டுக் கேட்டுச் சனத்துக்குக் கொட்டாவி. அந்த வருசம் பேப்பரிலை ஒரு மூலையிலை ஒரு செய்தி வந்திருந்தது. வெளிநாட்டிலை எங்கேயோ ரெண்டு பொம்பிளையள் தங்களுக்குக் கலியாண எழுத்து எழுதித் தரச் சொல்லிக் கோட்டுக்குப் போச்சினமாம். இப்பிடியான கலியாணத்தை அடியோடை தடுத்துச் சட்டம் போட வேணுமெண்டு ஒரு பகுதி, தேவையில்லை எண்டு மற்றப் பகுதி, அங்கத்தை அரசியல்காரர் ரெண்டுபட்டு அடிபடுகினமாம். "இதைவிடப் புழுகமான, சனத்துக்குச் சந்தோசமான தலைப்புக் கிடைக்குமோ" எண்டு வாசிகசாலைக் காரியதரிசி அதையே தலைப்பாய்ப் போட்டிட்டார். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கலியாணம் முடிக்கிறதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேணுமோ, வேண்டாமோ?

ஊருக்கு அது பகிடி. பின்னேரம் நாலு மணிக்கே பந்தல் நிரம்பிப் போச்சுது. ஆம்பிளையள் வலப்பக்கம், பொம்பிளையள் இடப்பக்கம். நானும் அவவும் பக்கத்துப் பக்கத்திலை இருந்தம்.

தலைமை, காணி உறுதி எழுதுற நொத்தாரிசு. அவர் முதலிலை சட்டம் சொன்னார். "எங்கடை நாட்டுச் சட்டத்திலை ஆம்பிளையும் ஆம்பிளையும் எண்டால் மறியல், சிறைதான். பொம்பிளையும் பொம்பிளையும் எண்டால் சட்டத்திலை மூச்சே இல்லை. இருக்கிறதுமில்லை, இல்லாததுமில்லை." சனம் சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரேல்லை. ஒண்டைத் தடுக்கிறதெண்டாலும் அதை ஒரு பொருட்டாய் எடுக்க வேணுமே! எங்களை அதுக்கும் எடுக்கேல்லை.

தடுக்க வேணும் எண்டு தமிழ் வாத்தியார் எழும்பினார். குடும்பம், குலம், பிள்ளை, கொள்ளி வைக்க ஆள் எண்டு அடுக்கிக்கொண்டு போய், கடைசியிலை தேசவழமைக்கு வந்தார். "பெண்சாதி தன்ரை சீதனக் காணியை விக்கிறதெண்டால் புருசன்ரை கையெழுத்து வேணும், இது எங்கடை சட்டம். ரெண்டும் பொம்பிளை எண்டால் ஆர் ஆருக்குக் கையெழுத்து வைக்கிறது? நொத்தாரிசு ஐயா விசராகிப் போவார்!"

வேண்டாம் எண்ட பக்கத்துக்குக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அந்தாளுக்கு அரசியல் எண்டால் சாப்பாடு தேவையில்லை. "ரெண்டு பேரும் கையெழுத்து வைக்கட்டுமன்! ஒருத்தன் குடிச்சுப்போட்டுத் தனிய விக்கிறதிலும் பாக்க அது திறம்" எண்டார். பொம்பிளையள் பக்கம் கெக்கட்டம் விட்டுச் சிரிச்சுது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார், "சனத்துக்குப் பாண் குடுக்க வழியில்லாத ஒரு பாராளுமன்றம், ஆர் ஆரோடை சீவிக்கிறதெண்டு சட்டம் போடுறதோ? தடை எண்டு எழுதினால், இப்பிடியும் ஒண்டு இருக்கெண்டு நீங்களே ஊருக்குப் பறையடிக்கிறியள். சும்மா இருக்கிற ரெண்டு பேரைச் சும்மா விட்டால் உங்களுக்கு எங்கை நோகுது?"

நான் சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன். அவையளுக்கு எல்லாம் வாய்ப்பந்தல். எனக்கு எண்டால், கலியாணம் எண்ட சொல்லை எங்கள் ரெண்டு பேருக்கும் பக்கத்திலை வைச்சுப் பாக்கலாம் எண்டதே அண்டைக்குத்தான் தெரியும். அந்த வெளிநாட்டுப் பொம்பிளையளிலையும் எனக்குப் பொறாமை வந்தது. கோட்டு வாசல்லை போய் நிண்டு எங்களை எழுதுங்கோ எண்டு சொல்லுறதுக்கு எவ்வளவு நெஞ்சு வேணும். எழுதினாங்களோ இல்லையோ, கேட்டுப்போட்டாளவையே! இஞ்சை அவருக்கு எழுத்து இருக்கு. எனக்கு ஒரு பாய் இருக்கு.

"சபையிலையிருந்து ஆரும் கதைக்கலாம்" எண்டு நொத்தாரிசு சொன்னார். வலப்பக்கம் பின்வரிசையிலை ஒரு ஆள் எழும்பிச்சுது. பாத்தால், உவர். என்ரை சிநேகிதியின்ரை புருசன். ஊர்க்கூட்டத்திலை ஒருநாளும் வாய் திறக்காத மனுசன். எல்லாரும் திரும்பிப் பாத்தினம்.

"தடுக்கத்தான் வேணும்" எண்டார். "உங்களுக்கு இது பகிடி. தெற்கிலை கடை வைச்சிருக்கிறவனைக் கேளுங்கோ. அவன் தன்ரை வீடெண்டு நினைச்சுக்கொண்டுதான் வாறான். வந்து பாத்தால், குசினியிலை உப்புப் போத்தல் எங்கையெண்டு அவனுக்குத் தெரியாது. பெண்சாதி எதுக்குச் சிரிக்கிறா எண்டு தெரியாது. என்னெண்டு கேட்டால், அது உங்களுக்கு விளங்காது எண்டுறா. விளங்கிற ஆள் வேறை. அவனட்டை இருக்கிறது ஒரு எழுத்துத்தான். நான்தான் புருசன் எண்டு சொல்ல அந்த எழுத்து ஒண்டுதான் இருக்கு. அதையும் எடுத்து எல்லாருக்கும் குடுங்கோ எண்டால், அவன் எங்கை போறது?"

சொல்லிப்போட்டு டக்கெண்டு இருந்திட்டார். சனம் கை தட்டிச்சுது. கடைக்காரரின்ரை கஸ்டத்தைச் சொல்லுறாரெண்டு மற்றக் கடைக்காரர் தலையாட்டிச்சினம். "எட, உந்த மனுசனுக்குள்ளை இவ்வளவு பேச்சோ" எண்டு என்ரை பின்னாலை ஒருத்தி வியந்தா.

எனக்கு மட்டும் விளங்கிப் போச்சுது. அவருக்கு என்னிலை பொறாமை! இவ்வளவு வருசமும் நான் அவரை நினைச்சுச் சோறு தண்ணி இல்லாமல் கிடக்க, அவர் அங்கை பலசரக்குச் சாக்குகளுக்கு நடுவிலை கிடந்து என்னை நினைச்சு எரிஞ்சிருக்கிறார். நிம்மதியாய் நித்திரை கொள்ளுறன் எண்டது பச்சைப் பொய். அம்மாளாச்சியாணை சொல்லுறன், அந்த நேரம் எனக்கு வந்த புழுகத்தைப் போலை பிறகு ஒருநாளும் வரேல்லை. வெண்டது நான் எண்டு அவரே சபையிலை எழும்பிச் சொல்லிப்போட்டாரே.

"இனி வாக்கு" எண்டார் நொத்தாரிசு. "தடை வேணும் எண்டவை கையைத் தூக்குங்கோ. பொம்பிளையளும்தான்."

வலப்பக்கம் முழுக்கக் கை. இடப்பக்கமும் சிரிச்சுச் சிரிச்சுக் கை. நான் கையை மடியிலை வைச்சுக்கொண்டு நிமிந்து இருந்தன். என்ன நடந்தாலும் தூக்கிறேல்லை எண்டு எனக்குள்ளை ஒரு எடுப்பு. அப்ப பக்கத்திலை காப்புச் சத்தம் கேட்டுது. திரும்பிப் பாத்தன். அவ கையைத் தூக்கியிருந்தா. நல்லா, காப்பு முழங்கை மட்டும் வழுக, உயரத் தூக்கியிருந்தா.

அவர் வலப்பக்கத்திலையிருந்து பாத்துக்கொண்டிருந்தார். அவவின்ரை கையைப் பாத்தார். பிறகு என்ரை மடியைப் பாத்தார். "ரீச்சர் என்ன, நித்திரையோ" எண்டு ஆரோ ஒருத்தி என்ரை தோளிலை தட்டினா. நான் அசையேல்லை.

வீட்டுக்கு நடந்து வரேக்கை ஒழுங்கையிலை வைச்சுப் பிடிச்சன். "வெக்கமில்லையோ உமக்கு? என்னைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு கையைத் தூக்கிறீர்!"

"மெல்லக் கதையும்" எண்டா. "அவ்வளவு சனமும் தூக்கேக்கை நான் மட்டும் தூக்காமல் இருந்தால் நாளைக்கு நீர் பாயோடை இஞ்சாலை வர ஏலுமோ? நீர் வர வேணும் எண்டுதான் தூக்கினனான். உமக்குத்தான் தூக்கினனான், விளங்குதோ?"

"கண்டறியாத தூக்கல்! எனக்கு வேண்டாம் அந்தக் கை."

அவ விறுவிறெண்டு முன்னாலை போட்டா. அவர் எங்களுக்குக் கொஞ்சம் பின்னாலை, டோர்ச் லைற்றை நிலத்திலை அடிச்சுக்கொண்டு, வந்துகொண்டிருந்தார்.

திருவிழா முடிஞ்சுது. கடைக்காரர் ஒவ்வொருத்தராய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெற்குக்கு வெளிக்கிட்டினம். உவர் வெளிக்கிடேல்லை. இண்டைக்குப் போவார், நாளைக்குப் போவார் எண்டு நான் பஸ் சத்தம் கேக்கிற நேரமெல்லாம் ஒழுங்கையை எட்டிப் பாப்பன். ஒரு கிழமையாலை ஊர் முழுக்கக் கதை. கடையைத் தம்பியாரிட்டைக் குடுத்திட்டாராம். இனி ஊரோடைதானாம். தோட்டம் செய்யப் போறாராம். "ஓடுற கடையை விட்டிட்டு வாறதெண்டால் உவருக்கென்ன விசரோ" எண்டு கேட்ட அதே வாயள், நாலு நாளிலை "பெண்சாதியிலை எவ்வளவு அன்பு, பட்சம், பாத்தியளே" எண்டு மெச்சத் தொடங்கிச்சுது. அதிலை எனக்குப் பொறுக்கேலாமல் போச்சுது. அவர் விட்டது ஒரு கடை. நான் விட்டதுகளை ஆர் எண்ணிப் பாத்தது? நான் தட்டிக் கழிச்ச மாப்பிள்ளையளை ஆரும் பட்சத்திலை சேர்க்கேல்லை. அது செவ்வாய் குற்றம்.

புருசன் வீட்டோடை எண்டால் துணைக்கு ஆள் எதுக்கு? ஒருத்தரும் என்னை வர வேண்டாம் எண்டு சொல்லேல்லை. சொல்லத் தேவையில்லை. சண்டையில்லை, சச்சரவில்லை, ஒரு தடைச் சட்டமும் போடேல்லை. பொழுதுபட்டால் எனக்குப் போக ஒரு நியாயம் இல்லாமல் போச்சுது, அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை முன்னேரம் அவ படலையைத் திறந்துகொண்டு வந்தா. கையிலை என்ரை தலகணி. அங்கை கிடந்ததைத் தோய்ச்சு, புது உறை போட்டுக் கொண்டு வந்திருந்தா. நான் வாங்கிக் கதிரையிலை வைச்சன். இரும் எண்டு சொல்லேல்லை.

"நீரும் அண்டைக்குக் கையைத் தூக்கியிருக்கலாம்" எண்டா.

"உம்மைப் போலை எனக்கு நடிக்க ஏலாது."

"அவர் என்ரை கையை நம்பினவர். உம்மடை கையைப் பாத்துத்தான் கடையை விட்டவர்."

"விடட்டும். ஆர் விடச் சொன்னது?"

"நான்தான்" எண்டா.

நான் கதிரையிலை வைச்ச தலகணியைத் திரும்பக் கையிலை எடுத்தன்.

"அவர் கேட்டவர்" எண்டா. "குசினி வாசல்லை வந்து நிண்டு, நான் கடையை விட்டிட்டு உம்மோடை வந்து இருக்கட்டோ எண்டு கேட்டவர். அழுதவர். ஒரு மனுசன் என்னட்டை அப்பிடிக் கேட்டது அதுதான் முதல் தரம். வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஓம் எண்டிட்டன்."

"அப்ப நான்?" எண்டு கத்தினன். "இவ்வளவு வருசமும் நான் வந்தது?"

"வந்தனீர். ஊர் அனுப்பினது, வந்தனீர். அவர் வரேக்கை மூஞ்சையை நீட்டிக்கொண்டு பாயைச் சுருட்டினனீர். நான் போக மாட்டன், இஞ்சைதான் இருக்கப் போறன், என்னோடை இரும் எண்டு ஒருநாள் என்னட்டைக் கேட்டனீரோ?"

எனக்கு ஆத்திரத்திலை கண்ணுக்குள்ளை தண்ணி வந்திட்டுது. "கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்?"

அவ படலைக்குப் போய், கையை அதிலை வைச்சபடி திரும்பி நிண்டா. கெதியாய்ப் போக வேண்டிய ஆள் மாதிரி நிக்கேல்லை.

"இப்பவும் நீர் கேக்கேல்லையே" எண்டா.

நிண்டா. கன நேரம் நிண்டா. பக்கத்து வளவிலை அவர் கிணத்தடியிலை துலா இழுக்கிற சத்தம் கேட்டுது. எனக்குக் கேக்க வேணும் போலைதான் இருந்தது, ஆனால் அவர் கேட்டாப் பிறகு ரெண்டாவது ஆளாய் நான் கேக்கிறதோ எண்ட பொறாமை வந்து வாயைப் பொத்திப் போட்டுது. அவ படலையைச் சாத்திக்கொண்டு போட்டா.

இப்ப ஊர் உலகமெல்லாம் இந்தக் கலியாணத்தைத் தடுக்கிறதோ விடுறதோ எண்டு அடிபடுகினம் எண்டு கேள்விப்படுறன். தடுக்கச் சொல்லுறவையிலையும் எனக்குக் கோபமில்லை, விடச் சொல்லுறவையிலையும் கோபமில்லை. எனக்கு அந்த ஒரு மனுசனிலைதான். அவரை நினைச்சால் இண்டைக்கும் நெஞ்சு பத்தும். கேக்கத் தெரிஞ்ச மனுசன்.